ஆரியங்காவுக் கணவாய்

விருதுநகருக்குத் தெற்கே, சாத்தூர் செல்லும் பெருஞ்சாலையை ஒட்டிக் கிடக்கும் சூலக்கரையில் நின்று மேற்குத் திக்கை நோக்கினால், ஆண்டின் பெரும்பகுதியில் வெயிலும் புழுதியும் கலந்து வெளுத்துப்போன வானமே கண்ணுக்குத் தென்படும். ஐப்பசி மாதத்து அடைமழை கொட்டி ஓய்ந்த மறுநாட் காலையில் மாத்திரம், புழுதியெல்லாம் அடங்கிவிட, கரிசல் காட்டின் விளிம்புக்கு அப்பால், வடக்கிலிருந்து தெற்காக நீலநிறத்தில் ஒரு நெடிய மலைத்தொடர் எழுந்து நிற்பதைக் காணலாம். தபதி நதிக்குத் தெற்கே தொடங்கி, ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர் தூரம் இறங்கி வந்து, கன்னியாகுமரிக்கு அருகில் முடிவடைகிற மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதி அது. நம்மவருக்கு அந்த மலை அந்நியமானதன்று. வைப்பாறும் அதனோடு வந்து கலக்கும் காட்டாறுகள் பலவும் அங்கேதான் பிறக்கின்றன. ஆடி அமாவாசைக்குச் சதுரகிரிச் சுந்தரமகாலிங்கத்தைத் தரிசிக்கத் தாணிப்பாறையிலிருந்து மலையேறும் கூட்டத்தில் நம் பக்கத்துக் கிராமத்தார் எத்தனையோ பேர் உண்டு. ஆனால் மலைமேல் ஏறி இறங்குவது வேறு, மலையைக் கடந்து அப்பால் போவது வேறு. அப்பால் உள்ள கேரள தேசத்துக்குப் போக நினைக்கிற ஒருவன், சூலக்கரையிலிருந்து நேர் மேற்கே புறப்பட்டால் ஒருநாளும் போய்ச் சேரமாட்டான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்றுகொண்டு நிலப்படத்தை விரித்து அளவுகோலை வைத்துப் பார்ப்பவருக்கு, சபரிமலை நேர்க்கோட்டில் 60 கிலோமீட்டர் அளவிலேயே இருப்பது தெரியவரும். ஆனால் மாலை போட்டுக்கொண்டு வண்டியில் புறப்படும் பக்தர்களோ, தெற்கே செங்கோட்டை சென்று சுற்றினாலும் சரி, வடக்கே தேனி, கம்பம், குமுளி என்று சுற்றினாலும் சரி, அதைப்போல் மூன்று மடங்குக்கும் அதிகமான தூரத்தைக் கடந்தே பம்பைக்கரையை அடைகிறார்கள். குமுளிக்கும் செங்கோட்டைக்கும் இடைப்பட்ட மலைப்பகுதி முழுவதிலும், செங்கோட்டைக்கு அருகில் மேக்கரை வழியாக அச்சன்கோயிலுக்குப் போகும் ஒரு சிறிய காட்டுச் சாலையைத் தவிர, வாகனம் கடக்கத்தக்க மார்க்கம் வேறில்லை. ராஜபாளையத்துக்கு மேற்கே மலை ஒரேயடியாகச் செங்குத்தாக எழுந்து, 2,000 மீட்டரைத் தாண்டிய கோட்டைமலைச் சிகரம்வரை போய், அதன் பின்னால் பெரியாற்றுக் காடாக விரிந்து கிடக்கிறது. இந்த நீண்ட மதில் செங்கோட்டைக்கு மேற்கே வந்ததும், காரணமின்றித் தோன்றும் வகையில், தலைகுனிந்து வழிவிடுகிறது. அந்த இடமே ஆரியங்காவுக் கணவாய்; செங்கோட்டைக் கணவாய் என்றும் அதைச் சொல்வார்கள்.

மலையைக் கடக்கும் வழியை மனிதன் உண்டாக்குகிறான் என்று நாம் எண்ணுவது பாதி உண்மையே. மனிதன் வருவதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே, வழி எங்கே அமையவேண்டும் என்பதைக் கல் தீர்மானித்துவிட்டது. நம் பக்கத்து மலைகளில் மிகுதியாகக் காணப்படுவது சார்னோக்கைட் என்னும் கருநீலச் சாயலுள்ள கடினமான பாறை. பூமியின் ஆழத்தில், மிகுந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து உருவாகி, மேலிருந்த பாரம் காலப்போக்கில் தேய்ந்து போனமையால் வெளிப்பட்டது அது. கல்கத்தா நகரின் ஆதிகால ஆங்கில வர்த்தகரான ஜாப் சார்னோக்கின் கல்லறைப் பலகை இக்கல்லால் ஆனதென்று கண்ட புவியியலறிஞர் தாமஸ் ஹாலந்து, அவர் பெயரையே இதற்குச் சூட்டினார். மழையும் வெயிலும் மாறிமாறித் தாக்கினும் எளிதில் கரையாத இக்கல்லே நம் மலைகளுக்கு இத்தகைய உயரத்தைக் கொடுத்து நிறுத்தி வைத்திருக்கிறது.

ஆனால் பூமியின் மேலோடு எல்லா இடத்திலும் ஒரே கட்டியாக இருப்பதில்லை. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, தென்கண்டங்கள் யாவும் ஒன்றோடொன்று மோதி ஒரே பெருங்கண்டமாக இணைந்துகொண்டிருந்த காலத்தில், தென்னிந்தியாவின் இரு பெரும் பாறைத் துண்டங்கள் ஒன்றையொன்று உரசி நகர்ந்தன. அந்த உரசலில், வடமேற்கிலிருந்து தென்கிழக்காக, அச்சன்கோயிலின் வழியாக ஒரு நீண்ட பட்டையில் பாறைகள் நசுங்கிப் பட்டைபட்டையாகப் பிளந்தன. புவியியலறிஞர்கள் இதனை அச்சன்கோயில் நறுக்கு மண்டலம் என்று வழங்குகிறார்கள். இதற்கு வடக்கிலுள்ள பாறைக்கூட்டம் மதுரைத் துண்டம் என்றும், தெற்கிலுள்ளது திருவனந்தபுரத் துண்டம் என்றும் பெயர் பெறும். அக்காலத்தில் நமக்கு அண்டைவீடாக இருந்த மடகாஸ்கர் தீவு சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் நம்மை விட்டுப் பிரிந்து போய்விட்டபடியால், இந்தப் பட்டையின் தொடர்ச்சியை அங்கே தேடும் ஆராய்ச்சியாளரும் உண்டு. நசுங்கிய கல்லில் மழைநீர் எளிதாக இறங்கும். இறங்கிய நீர் கல்லை உள்ளிருந்து மக்கச் செய்யும். மக்கியதை ஓடைகள் வாரிக்கொண்டு போகும். இருபுறமும் உறுதியான பாறை உயர்ந்தே நிற்க, நடுவிலிருந்த தளர்ந்த கல் ஆண்டுக்கொரு நூலிழையாகத் தாழ்ந்து தாழ்ந்து, கடைசியில் ஒரு கணவாயாயிற்று. பாலக்காட்டுக் கணவாயைப் போல 30 கிலோமீட்டருக்கு மேல் அகன்று கிடப்பதன்று இது, மிகவும் குறுகியது. ஆயினும் தென்பாண்டி நாட்டாருக்கு இதைவிடச் சௌகரியமான மேற்கு வாசல் இல்லை.

இந்தத் தாழ்வு எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கும்போதுதான் வியப்பு உண்டாகிறது. விருதுநகரும் சூலக்கரையும் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 100 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. ஆரியங்காவுக் கணவாயோ 300 மீட்டருக்கும் குறைந்த உயரமுடையது. கணவாய்க்குத் தெற்கே பொதிகைச் சிகரம் 1,868 மீட்டர் உயர்ந்து நிற்கிறது என்பதை இதனோடு ஒப்பிட்டால் விஷயம் விளங்கும். இங்கிருந்து செங்கோட்டை வரையுள்ள 130 கிலோமீட்டர் தூரத்தையும், அதற்கப்பால் கணவாயின் உச்சியையும் கடந்து செல்லும் ஒருவர், மொத்தத்தில் 200 மீட்டர்கூட மேலே ஏறுவதில்லை. கொல்லிமலைக்குப் போகும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகளும், ஆழியாற்றிலிருந்து வால்பாறை செல்லும் சாலையில் 40 வளைவுகளும் இருப்பதை நினைத்துப் பார்த்தால், கேரளத்துக்கே போய்விடும் இந்த வழியின் அருமை தெரியும்.

கணவாயை அடைவதற்கு முன் கடக்கவேண்டிய சமவெளியைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லவேண்டும். ஏனெனில் சமவெளியில் பிரயாணம் சுலபம், மலையில்தான் கஷ்டம் என்ற பொதுவான அபிப்பிராயம் கரிசல் பூமிக்குப் பொருந்தாது. கரிசல் மண்ணில் மாண்ட்மோரில்லோனைட் என்னும் களிமண் தாது நிறைந்திருக்கிறது. இதன் துகள்கள் மிக மெல்லிய ஏடுகளாக அடுக்கப்பட்டவை. மழை பெய்ததும் ஏடுகளுக்கிடையே நீர் புகுந்து மண் முழுவதும் உப்பிக்கொள்ளும், கோடையில் நீர் வற்றியதும் சுருங்கி, கை நுழையும் அளவுக்குப் பிளவுபடும். இதன்மேல் போடும் சாலையும் ஆண்டுதோறும் எழும்பித் தாழ்ந்து அலைபோலாகிவிடும். கார்த்திகை மழையில் பருத்தி ஏற்றிய மாட்டுவண்டி அச்சுமட்டும் புதைந்து நின்ற காலத்தை நம் பெரியவர்கள் இன்றும் சொல்வதுண்டு. சரளை மண்ணைக் கனமாகப் பரப்பி, நீர் தேங்காமல் இருபுறமும் வாய்க்கால் வெட்டி, அதன்பிறகே சாலை போட்டால்தான் கரிசலில் அது நிலைக்கும். நம் ஊர் வழியே செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் கரை உயர்ந்து நிற்பதற்குரிய காரணங்களில் இதுவும் ஒன்று.

இந்தக் கரிசல் காட்டைக் கடந்து சிவகாசி வழியாக ஸ்ரீவில்லிபுத்தூரை அடைந்ததும் மண் மாறுகிறது, சாலையின் போக்கும் மாறுகிறது. திருமங்கலத்தில் தொடங்கிக் கொல்லம் வரை செல்லும் 744ஆம் எண் நெடுஞ்சாலை, கிருஷ்ணன்கோவில், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி என்று ஊர் ஊராகத் தொட்டுக்கொண்டு மலையின் பக்கமாகவே தெற்கே இறங்குகிறது. இத்தனை ஊர்கள் ஒரே வரிசையில் அமைந்தது தற்செயலன்று. மலையிலிருந்து பாய்ந்து வரும் ஓடை, சமவெளியைத் தொட்டதும் வேகம் இழந்து, தான் சுமந்து வந்த கல்லையும் மணலையும் விசிறி விரித்தாற்போல் பரப்பிவிடுகிறது. இந்த மணற்பாங்கான நிலத்தில் நீர் உள்ளே இறங்கித் தங்கும், கிணறு எளிதில் ஊறும், கண்மாய்க்கு நீர் வரத்து நிச்சயம். ஆகையால் ஒவ்வோர் ஓடையின் வாயிலும் ஓர் ஊர் உண்டாயிற்று. ஊரையும் ஊரையும் இணைத்து வண்டிப்பாதை உண்டாயிற்று. அதுவே பிற்காலத்தில் நெடுஞ்சாலையாகவும், 1927இல் விருதுநகருக்கும் தென்காசிக்கும் இடையே திறக்கப்பட்ட ரயில்பாதையாகவும் ஆயிற்று. சங்கரன்கோவில் மாத்திரம் இந்த வரிசையிலிருந்து விலகிக் கிழக்கே இருக்கிறபடியால், ரயில் ஒரு வளைவு வளைந்து அதைத் தொட்டுக்கொண்டு போகிறது.

இனிக் கணவாயை ரயில் கடந்த கதைக்கு வருவோம். மாட்டுவண்டி ஏறும் ஏற்றத்தில் ரயில் ஏறுவதில்லை. இதற்குக் காரணம் இரும்பின்மேல் இரும்பு உருளுவதிலுள்ள நன்மையே. ஒரு டன் எடையுள்ள ரயில்பெட்டியைச் சமதளத் தண்டவாளத்தில் மெல்ல உருட்டிச் செல்ல, இரண்டு மூன்று கிலோ எடையைத் தூக்கும் அளவுக்கு விசை இருந்தால் போதும். உருளுவதற்கு அவ்வளவு குறைந்த தடை. ஆனால் நூறு அடிக்கு ஓர் அடி ஏறுகிற சரிவில் வண்டியைச் செலுத்தினால், அந்த டன்னின் எடையில் நூறில் ஒரு பங்கு, அதாவது 10 கிலோ, பின்னோக்கி இழுக்கத் தொடங்கிவிடுகிறது. கண்ணால் பார்த்தால் சரிவென்றே தோன்றாத இந்த ஏற்றத்தில் இஞ்சினின் வேலை நாலைந்து மடங்காகிறது. நாற்பது அடிக்கு ஓர் அடி என்றாலோ ஏறக்குறைய பத்து மடங்கு. அன்றியும், இஞ்சின் எவ்வளவு பலமுள்ளதாயினும், தன் சக்கரங்களின்மேல் இருக்கும் எடையில் சுமார் நாலில் ஒரு பங்குக்கு மேல் இழுக்க இயலாது; மீறினால் சக்கரம் நின்ற இடத்திலேயே வழுக்கிச் சுழலும். தண்டவாளம் மழையில் நனைந்திருந்தால் இந்தப் பிடிமானம் இன்னும் குறையும். அப்போது சக்கரத்தின் அடியில் மணலைத் தூவிக்கொண்டே ஏறவேண்டும். எனவே மலைப்பாதை அமைக்கும் எஞ்சினியர், ஒவ்வோர் அங்குல உயரத்தையும் எண்ணி எண்ணிச் செலவழிக்கிறார். குன்றின் இடுப்பைச் சுற்றிச் சுற்றிப் போய்த் தூரத்தை நீட்டிச் சரிவைக் குறைக்கிறார். சுற்ற இடமில்லாத இடத்தில் குகை குடைகிறார். பள்ளம் குறுக்கிட்டால் இறங்கி ஏறாமல் பாலம் கட்டுகிறார்.

இவை மூன்றையும் செங்கோட்டைக்கும் புனலூருக்கும் இடையே அடுத்தடுத்துக் காணலாம். பகவதிபுரம் ஸ்டேஷனைத் தாண்டியதும் கணவாயின் முகட்டுக்கு அடியில் நீண்ட மலைக்குகை வருகிறது. அதனுள் நுழையும்போது தமிழ்நாட்டு வெயிலாக இருந்தது, வெளிவரும்போது மரச்செறிவும் ஈரக்காற்றும் கலந்த இருளாக மாறிவிடும். அங்கிருந்து ஆரியங்காவு, தென்மலை வழியாகப் பாதை வேகமாக இறங்குகிறது. கழுதுருட்டி ஆற்றோரத்தில், கருங்கல்லால் கட்டிய பதின்மூன்று கண் பாலத்தின்மேல் ரயில் போகும்போது, கீழே சாலையில் செல்லும் பஸ்ஸிலிருப்பவர்கள் தலையை வெளியே நீட்டிப் பார்க்கிறார்கள். மேற்கிலிருந்து ஏறிவரும் வண்டிக்கு முன்னால் இழுக்க ஓர் இஞ்சினும் பின்னால் தள்ள மற்றோர் இஞ்சினும் வேண்டியிருந்தன. திருநெல்வேலியிலிருந்து கல்லிடைக்குறிச்சி வரை 1902இலும், அங்கிருந்து செங்கோட்டை வரை 1903இலும், கொல்லத்திலிருந்து புனலூர் வரை 1904இன் நடுவிலும் பாதை முடிந்துவிட, நடுவில் மிஞ்சிய இந்த மலைப்பகுதியும் அவ்வாண்டு நவம்பரில் திறக்கப்பட்டது. ஒரு மீட்டர் அகலமுடைய பாதையாகவே நூறாண்டுக்கு மேல் உழைத்த அது, 2010இல் மூடப்பட்டு, 1,676 மில்லிமீட்டர் அகலப்பாதையாக மாற்றப்பட்டு, 2018இல் மறுபடியும் போக்குவரத்துக்கு வந்தது. அகலப்பாதைக்கு வளைவுகள் பெரிதாகவும் குகைகள் உயரமாகவும் இருக்கவேண்டியமையால், மலையிலே செய்ய வேண்டியிருந்த வேலை மிகவும் கடினமானது.

இந்தப் பாதையின் அரசியல் முக்கியத்துவத்தை இன்று நாம் மறந்துவிட்டோம். திருவனந்தபுரம் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தலைநகரம். அத்தலைநகருக்கு ரயில் 1918இல் கொல்லத்திலிருந்து வந்தது. எர்ணாகுளத்திலிருந்து கோட்டயம் வழியாகக் கொல்லத்துக்கு ரயில் இணைப்பு முழுமை பெற்றது 1958இல்தான். நாகர்கோவில் வழியாகத் தெற்கே பாதை திறக்கப்பட்டதோ 1979இல். ஆகவே நாற்பது ஆண்டுக் காலம், அந்தத் தலைநகரிலிருந்து இந்தியாவின் எந்த மூலைக்கு ரயிலில் போகவேண்டுமானாலும், மலையேறி ஆரியங்காவுக் குகையைக் கடந்து நம் பக்கத்துக்கு வந்தே ஆகவேண்டும். அக்காலத்தில் செங்கோட்டையும் திருவிதாங்கூரைச் சேர்ந்ததாகவே இருந்தது. மொழி தமிழாகவும், ஆளும் அரசர் அப்பக்கத்தாராகவும் இருந்த அந்த ஊர், 1956 நவம்பர் முதல் தேதியன்று சென்னை ராஜ்யத்தோடு இணைந்தது. செங்கோட்டையில் பிறந்த வாஞ்சிநாதன் புனலூரில் வன இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர் என்பதை, கணவாயின் இருபுறத்து வாழ்வும் எவ்வளவு இயல்பாகப் பின்னியிருந்தது என்பதற்கு உதாரணமாகச் சொல்லலாம். ஆரியங்காவுச் சாஸ்தாவின் திருக்கல்யாணத்துக்கு மதுரையிலிருந்து சௌராஷ்டிர மக்கள் பெண் வீட்டாராகச் சென்று சீர் செய்வது இன்றைக்கும் மார்கழியில் நடந்துவருகிறது.

சாலை வழியாகப் போனால் புளியரையில் தமிழ்நாட்டு எல்லை முடிகிறது. அங்கே சாலை எஸ் வடிவத்தில் வளைந்து ஏறுமிடத்தில், சுமை ஏற்றிய லாரிகள் முதல் கியரில் உறுமிக்கொண்டு ஊர்ந்து போகும். கோட்டைவாசல் கருப்பசாமியின் முன் டிரைவர்கள் நிறுத்திக் கும்பிட்டுவிட்டே மேலே செல்வார்கள். இந்த லாரிகளின் வரிசையைச் சற்று நேரம் நின்று கவனித்தால், மலையின் இருபக்கத்துப் பொருளாதாரமும் விளங்கிவிடும். இங்கிருந்து அரிசி, காய்கறி, பருப்பு, வத்தல், சிமெண்டு, தீப்பெட்டி, பட்டாசு. அங்கிருந்து ரப்பர், மரம், மலைச்சரக்கு. இவற்றுள் மரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் நம் சீமையின் பிழைப்பே அதனோடு பிணைந்தது.

தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வந்து மலையில் மோதி மேலே ஏறுகிறது. மேலே போகப்போக அழுத்தம் குறைவதால் காற்று விரிந்து குளிர்கிறது; குளிர்ந்த காற்றால் ஈரத்தைத் தாங்க முடியாமற்போய், மேற்குச் சரிவிலேயே மழையாகக் கொட்டிவிடுகிறது. முகட்டைத் தாண்டி நம் பக்கம் இறங்கும்போது, ஈரம் இழந்த அந்தக் காற்று, கீழே வரவர அழுத்தம் கூடி, 1,000 மீட்டர் இறக்கத்துக்கு ஏறக்குறைய 10 டிகிரி வீதம் சூடேறுகிறது. ஆகவே கேரளத்தில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்ய, விருதுநகர் மாவட்டத்தில் 800 மில்லிமீட்டர் அளவே பெய்கிறது. அதுவும் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வருவது. இந்த வறட்சியினால் விவசாயம் கைகொடுக்காமற்போனபோது, சிவகாசியைச் சேர்ந்த அய்யநாடாரும் சண்முகநாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து, மறு ஆண்டில் இங்கே தொடங்கினார்கள். பயிருக்குப் பகையான வெயில், தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் துணையாயிற்று. கட்டையில் அடுக்கி மருந்தில் தோய்த்த குச்சி வெயிற்காற்றில் சீக்கிரம் உலர்ந்துவிடும். பட்டாசு மருந்துக்கோ ஈரம் பரம விரோதி. வெடியுப்பு ஈரத்தை உறிஞ்சினால் வெடி நமத்துப்போகும் என்பது ஒருபுறமிருக்க, அலுமினியத் தூள் கலந்த மருந்தில் ஈரம் பட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பற்றவும் கூடும். மருந்து அறையில் வேலை செய்பவர்கள் மேகம் கறுத்தாலே கவலைப்படுவது இதனால்தான்.

ஆனால் குச்சிக்கு வேண்டிய மரம் நம் வறண்ட மண்ணில் இல்லை. எரியத்தக்கதாகவும், சீவினால் நார் பிரியாமல் ஏடாக வருவதாகவும், கனமில்லாததாகவும் இருக்கவேண்டிய அந்த மென்மரம், மழைவளமுள்ள கேரளத்தில் விளைகிற மட்டி முதலான மரங்களிலிருந்தே நெடுங்காலமாகக் கிடைத்துவந்தது. மேற்குச் சரிவில் பெய்த மழை மரமாகி, கணவாயின் வழியே இங்கு வந்து, அந்த மழை எட்டாமற்போன வெயிலில் காய்ந்து, தீக்குச்சியாகித் தேசமெங்கும் போயிற்று. மழை நின்ற பக்கமும் மழை பெய்த பக்கமும் கூடிச் செய்த பண்டம் தீப்பெட்டி. கணவாய் இல்லாவிடில் அந்தக் கூட்டு வெகு சிரமப்பட்டிருக்கும்.

மலை தாழ்ந்த இடத்தில் காற்றும் வேறுவிதமாக நடந்துகொள்கிறது. முகட்டின்மேல் ஏறவேண்டிய நிர்ப்பந்தம் இல்லாதபடியால், தன் ஈரத்தில் ஒரு பகுதியை விடாமல் வைத்துக்கொண்டு கணவாயின் வழியாக நம் பக்கம் பாய்கிறது. ஆனி ஆடியில் ராஜபாளையத்தில் புழுதி பறந்துகொண்டிருக்க, தென்காசியிலும் குற்றாலத்திலும் சாரல் தூறி, ஐந்தருவியும் பேரருவியும் பெருகுவது இந்தக் கணவாயின் கொடை. அகன்ற வெளியில் வந்த காற்று குறுகிய வாசலில் நெருக்கப்படுவதால் வேகமும் மிகுகிறது. தமிழ்நாட்டின் காற்றாலைகள் பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி என்னும் நான்கு கணவாய்களுக்கு எதிரே திரண்டு நிற்பதும், கயத்தாறு பக்கத்தில் அவை சுழல்வதும் இதனாலேதான். கல் தளர்ந்த இடத்தைத் தேடி மனிதன் சென்றதுபோலவே காற்றும் சென்றிருக்கிறது.

மலையின் பக்கத்தைப் பொறுத்தே மழையும் வழியும் அமைவதைப் பிற தேசங்களிலும் காணலாம். பிலிப்பைன்ஸ் தீவுகளின் தலைநகரான மணிலாவுக்குக் கிழக்கே, தகலோக் மொழி பேசும் மக்கள் வாழும் ரிசால் என்னும் மலைநாட்டு மாகாணம் இருக்கிறது. தேசத் தியாகியான ஹோசே ரிசாலின் பெயரைத் தாங்கியது அது. அங்கே சியரா மாட்ரே மலைத்தொடர் பசிபிக் கடற்கரையை ஒட்டி ஓடுகிறது. அந்திப்போலோ நகரின் மாதா கோயிலுக்கு மணிலா மக்கள் இரவில் நடந்தே மலையேறிச் செல்கிறார்கள். ஆனால் அதற்கப்பால் மலையைக் கடந்து கீழைக் கடற்கரைக்குப் போகும் வழிகள் மிகச் சிலவே. பசிபிக்கிலிருந்து வரும் சூறாவளிகளின் வேகத்தை அந்த மலை தணிக்கிறது. ஆயினும் 2009 செப்டம்பர் 26ஆம் தேதி வந்த புயலில், ஒரே நாளில் மணிலாவில் 455 மில்லிமீட்டர் மழை கொட்ட, மலைச்சரிவின் நீரும் மரிக்கினா ஆற்றில் சேர்ந்து தலைநகரின் கிழக்குப் பகுதிகளை மூழ்கடித்தது. நம் மாவட்டத்தில் ஓராண்டில் பெய்யும் மழையில் பாதிக்கும் மேலானது அது. மலையின் எந்தப் பக்கத்தில் ஒரு ஊர் அமைந்திருக்கிறது என்பதிலே அதன் பயமும் பிழைப்பும் பெரும்பாலும் அடங்கிவிடுகின்றன.

இதுவரை கணவாயை வழி என்றே பேசிவந்தோம். மலையுச்சியில் வாழும் ஜீவராசிகளுக்கு அது வழியன்று, தடை. உயர்ந்த சிகரங்களின் சோலைக்காடுகளில், குளிர்ந்த ஈரத்தில், தரையோரமாகத் தத்தித் திரியும் ஒரு சிறு நீலநிறப் பறவை உண்டு. ஆயிரம் மீட்டருக்கு மேலேயே வாழும் அப்பறவைக்கு, 300 மீட்டர்வரை தாழ்ந்து வெப்பமுற்ற கணவாய், கடலைப் போன்றதொரு இடைவெளி. இறங்கி அக்கரை சேர அதனால் ஆகாது. கணவாய்க்கு வடக்கிலும் தெற்கிலும் அகப்பட்டுக்கொண்ட கூட்டங்கள் எண்ணற்ற தலைமுறைகள் கலப்பின்றி வாழ்ந்து வேறுபட்டுவிட்டன. மரபணுக்களை ஆராய்ந்த அறிஞர்கள், கணவாய்க்குத் தெற்கே அகத்தியர் மலைப்பகுதியிலுள்ளது தனி இனமே என்று 2017இல் நிலைநாட்டி, அம்மலைப்பகுதிக்கு வழங்கும் ஆஷாம்பு என்னும் பெயரை அதற்கு வைத்தார்கள். அதே மலையில் வாழும் சிரிப்பான் குருவிக்கும் இத்தகைய பிரிவினை நேர்ந்திருக்கிறது.

யானையின் விஷயம் இதனினும் கவலைக்குரியது. பறவையைப் போலன்றி யானை தாழ்ந்த காட்டிலும் நடக்கும். கணவாயில் காடு தொடர்ச்சியாக இருந்த காலத்தில் பெரியாற்றுக் காட்டு யானைகளும் அகத்தியர் மலை யானைகளும் அதன் வழியாகவே போய்வந்திருக்க வேண்டும். இன்று அந்தக் குறுகிய இடத்திலே ரயில்பாதை, நெடுஞ்சாலை, ரப்பர் தோட்டம், குடியிருப்பு யாவும் ஒன்றன்பக்கம் ஒன்றாக நெருங்கியிருக்கின்றன. தென்னாட்டு யானைகளின் மரபணுவை ஆராய்ந்தவர்கள், செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கிலுள்ளவற்றைத் தனித்ததொரு சிறு கூட்டமாகவே கண்டிருக்கிறார்கள். அவற்றின் மரபுவளம் மற்றக் கூட்டங்களைவிடக் குறைந்திருப்பதையும் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். ஒரு சிறு கூட்டம் வெளியுறவின்றித் தனக்குள்ளேயே பெருகுமாயின், நோயை எதிர்க்கும் ஆற்றலும் கன்று ஈனும் ஆற்றலும் தலைமுறைக்குத் தலைமுறை குன்றும் என்பது உயிரியல் அறிந்த உண்மை. ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் அணில் சரணாலயமும் மேகமலையும் சேர்ந்து 2021இல் புலிகள் காப்பகமாயின. வடக்கே இவ்வளவு பெரிய காடு காக்கப்பட்டும், தெற்கே களக்காடு முண்டந்துறை காக்கப்பட்டும், இரண்டுக்கும் நடுவே சில கிலோமீட்டர் அகலமுள்ள வாசல் மாத்திரம் காவலின்றிக் கிடப்பது எனக்குப் பெரிதும் வருத்தம் தருகிறது.

கொல்லம் செல்லும் சாலையை அகலப்படுத்தவும், ஆரியங்காவுக்கு மேற்கே புதிய நாற்கரச் சாலை போடவும் திட்டங்கள் இருக்கின்றன. சாலை வேண்டாமென்று நான் சொல்ல மாட்டேன். வத்தல் மூட்டையும் தீப்பெட்டிக் கட்டும் ஏற்றி வாழும் ஊர்க்காரனுக்கு அந்தச் சாலையின் அவசியம் தெரியும். ஆனால் 44ஆம் எண் நெடுஞ்சாலை மத்தியப்பிரதேச, மகாராஷ்டிர எல்லையில் பெஞ்ச் புலிகள் காப்பகத்தின் வழியே போகும்போது, சாலையைத் தூண்களின்மேல் உயர்த்தி, அடியில் விலங்குகள் நடக்க இடம் விட்டிருக்கிறார்கள். அங்கே வைத்த காமிராக்களில் புலியும் மானும் கடந்து போவது பதிவாகியிருக்கிறது. அதே ஏற்பாட்டை ஆரியங்காவில் செய்வதற்குச் சாஸ்திரத் தடை ஒன்றுமில்லை. யானைகள் குறுக்கிடும் இடங்களை முதலில் வரையறுத்து, பாலத்தின் செலவைத் திட்டத்தின் முதல் மதிப்பீட்டிலேயே சேர்த்துவிடவேண்டும்; சாலை முடிந்தபின் சேர்ப்பதானால், ஓடிக்கொண்டிருக்கும் போக்குவரத்தை நிறுத்தி, பலமடங்கு பணம் செலவழித்து, கரையை வெட்டித் திறக்க வேண்டியிருக்கும். ரயில்பாதையிலும் பகவதிபுரத்துக்கும் தென்மலைக்கும் இடையே இரவு வண்டிகளின் வேகத்துக்கு ஒரு வரம்பு வைத்து, காட்டுத் துறையாரும் ரயில்வேயாரும் யானைகளின் நடமாட்டத்தை ஒருவருக்கொருவர் அன்றன்றே தெரிவித்துக்கொள்ளும் முறையை ஏற்படுத்தவேண்டும்.